நாள் தவறியவர்களுக்கு ஒரு பக்கம்

எஸ்தர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வளவனூர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி இருக்கும். விழுப்புரத்திலிருந்து ஐந்தாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியிருந்தேன். இடுப்புப் பையில் இருந்த கைப்பேசி அடித்தது. ஓடும்போது நான் கைப்பேசியை எடுப்பதில்லை. அது எஸ்தர் போட்ட விதி. மூன்றாம் முறையும் அடிக்கவே எடுத்தேன். திண்டிவனத்தில் எஸ்தரின் நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் தேவகி பேசினாள்.

"அக்கா, எங்க இருக்கிறீங்க?"

"ஓடிக்கினு இருக்கேன், சொல்லு."

"செத்த நில்லுங்க. எங்கனா உக்காருங்கக்கா."

பக்கத்தில் வாய்க்கால் பாலத்தின் கட்டை இருந்தது. உட்கார்ந்துவிட்டேனா என்று கேட்டு, ஆமாம் என்று நான் சொன்ன பிறகுதான் அவள் சொன்னாள். "நம்ம மேடம் போய்ட்டாங்கக்கா. நேத்து படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. நெஞ்சுன்னு சொல்றாங்க."

எவ்வளவு நேரம் அந்தக் கட்டையில் இருந்தேன் என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் என் ஷூவைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கால் புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு நிறுத்திய ஓட்டம்தான், பிறகு பல நாள் ஷூவைத் தொடவில்லை.

வாசகர் வட்டத்து நண்பர்கள் எஸ்தரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களில் பலர் அவரை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் இருக்கிறீர்கள், கதைப் புத்தகத்துக்காக வந்தவர்கள் இருக்கிறீர்கள், மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்து அப்படியே படிக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறீர்கள். அவர் எனக்கு என்ன செய்தார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அவரை அறியாதவர்கள் கையிலும் இது சேரலாம் என்பதால் கொஞ்சம் முதலிலிருந்தே.

எஸ்தர் திண்டிவனத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். வயது நாற்பத்து மூன்று, என்னைவிட ஐந்து வயது சிறியவர். பருத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. நூலகத்தின் நான்கு படிகளை ஏறுவதற்குள் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். "நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ ஓடியிருக்கேங்கக்கா. பஸ்ஸப் புடிக்க. அதுவும் போய்டுச்சு" என்பார். இவர்தான் என்னை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வைத்தவர் என்று சொன்னால் மற்ற ஓட்டக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

நான் திண்டிவனத்தில் நீதிமன்றத் தட்டச்சர். வீடு விழுப்புரத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறேன். நாளெல்லாம் உட்கார்ந்து பிறர் சொல்வதை அடிக்கிற வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தால் தெருவில் எல்லோரும் நிறுத்திப் பேசுகிறார்கள். ஓடுகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. நான் ஓட ஆரம்பித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஓடிப் பழகிய பின் மாரத்தான் ஆசை வந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று யாரோ சொன்னார்கள். தினம் ரயிலில் போகிற தூரம்தானே என்று தோன்றிவிட்டது.

இரண்டு முறை தோற்றேன். முதல் முறை கைப்பேசிச் செயலி ஒன்றை நம்பினேன். ஓடிய நாளுக்குப் பச்சை வட்டம், ஓடாத நாளுக்குச் சிவப்பு வட்டம். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் சிவப்பு. குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்கு நின்றால் சிவப்பு. முப்பத்தெட்டு நாள் பச்சையாகச் சேர்த்திருந்தேன். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்ததும் தொடர்ச்சி பூஜ்யம் என்று காட்டியது. செயலியை அழித்துவிட்டேன். இரண்டாம் முறை, உடன் வேலை செய்பவரின் மகன் அனுப்பிய ஓர் ஆங்கில அட்டவணை. அதில் தவறிய ஓட்டங்களை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்து ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வந்து ஒரு மாதம் நொண்டினேன்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் கேலி செய்யத் தெரிந்தவர். இந்தித் தேர்வைப் பாதியில் விட்டவள், தையலைப் பாதியில் விட்டவள், அஞ்சல்வழிப் பட்டப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு விட்டவள் என்பதால் எனக்கு அவர் 'அரைக்கிணறு' என்று பெயர் வைத்திருந்தார். அரைக்கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நொண்டிய மாதத்தில் அந்தப் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாம் முறையும் பாதியில் நின்றால் இனி எதையும் தொடங்கவே மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய், மாரத்தானுக்குப் பயிற்சி சொல்லும் நல்ல புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். எஸ்தர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட ஓட்டத்தைப் பற்றி இல்லை.

"வீட்ல தண்ணி எப்போ வரும்?"

"காலைல ஒரு நாள் விட்டு ஒரு நாள். அஞ்சரைக்கு."

"யாரு புடிக்கறது?"

"நாந்தான்."

"டிபன் யாரு செய்யறது? மாமியாருக்கு மருந்து யாரு குடுக்கறது? ரயிலு எத்தினி மணிக்கு?"

எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "இந்த வருஷத்துல நீங்க ஓட முடியாத நாளு எதெதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஓடப் போகிறவளிடம் ஓடாத நாளைக் கேட்கிறாரே என்று. இருந்தாலும் சொன்னேன். தீபாவளி, கார்த்திகை தீபம், வளவனூரில் அம்மா வீட்டு விசேஷங்கள், மாமியாரின் பரிசோதனை நாள்கள், மாதத்தில் என் மூன்று நாள். பக்கம் நிரம்பிவிட்டது. "இத வச்சிக்கினுதான் புக்கு தேடணும். ரெண்டு வாரம் குடுங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மேசையில் நான்கு வழிகாட்டிகள் இருந்தன. எங்கெங்கோ சொல்லி வரவழைத்திருந்தார். ஒன்று மட்டும் யாரோ நன்கொடையாகக் கொடுத்த மூட்டையில் கிடந்ததாம். நான்கையும் முழுவதுமாகப் படித்திருந்தார். ஓட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் எனக்காகச் சுமார் ஆயிரம் பக்கம் படித்திருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது.

முதலாவது தடித்த புத்தகம். பெரிய பயிற்சியாளர் எழுதியது. எஸ்தர் அதை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "நல்ல புக்குதான். ஆனா இந்தாளுக்கு வீட்ல யாரோ சமைச்சுப் போடறாங்க. அது எந்தப் பக்கத்துலயும் எழுதல, ஆனா எல்லாப் பக்கத்துலயும் தெரியுது." இரண்டாவது, காவலர் உடல்தகுதித் தேர்வுக்கான தமிழ்ப் புத்தகம். "நீங்க எஸ்.ஐ. ஆவப் போறீங்களா? இல்லல்ல, வுட்டுடுங்க." மூன்றாவதில் பயிற்சி முழுக்க மைல் கணக்கு, பனியில் ஓடுவது எப்படி என்று தனி அத்தியாயம். "நம்மூர்ல பனி பேஞ்சா நான் கூப்புடறேன், அப்ப வாங்கிக்கினு போங்க."

நான்காவது மெலிந்த புத்தகம். நன்கொடை மூட்டையில் வந்தது அதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு நடுவயதில் ஓட ஆரம்பித்த பெண் எழுதியது. "இதுதான்" என்றார். ஏன் என்று கேட்டேன். "எந்த வழிகாட்டியா இருந்தாலும் ஓடுற நாளுக்கு இன்னா சொல்லுதுன்னு பாக்காதீங்க. அது எல்லாத்துலயும் ஒண்ணுதான். தவறுன நாளுக்கு இன்னா சொல்லுதுன்னு பாருங்க. இதுல அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்குது."

அது ஆங்கிலப் புத்தகம். நான் ஆங்கிலத்தை வேகமாகத் தட்டச்சு செய்வேன். என்ன அடித்தேன் என்று கேட்டால் விழிப்பேன். அதைச் சொன்னதும், "நான் தமிழ்ல எழுதித் தர்றேன். வாரத்துக்கு ஒரு தாளு. சனிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க" என்றார். புத்தகத்தை வீட்டுக்குத் தரவில்லை. அதைக் குறிப்புதவி அலமாரியில் பூட்டிவிட்டார். இரவல் கிடையாது என்பது விதியாம்.

தாள்களில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். புத்தகத்தில் உள்ளது நீல மையில் இருக்கும். அவர் சேர்ப்பது பென்சிலில், ஓரத்தில். "நீங்க கோர்ட்டு ஆளு. எது அவங்க சொன்னது, எது நான் சொன்னதுன்னு தெரியணும்" என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கள் இடத்தில் பென்சிலால் எழுதியது எதுவும் செல்லாது. ஆகவே மையில் இருப்பதை ஆணையாகவும் பென்சிலில் இருப்பதை அக்கறையாகவும் எடுத்துக்கொண்டேன்.

காலை உணவுக்கு ஓட்ஸ் என்று மையில் இருந்தால், ஓரத்தில் பென்சிலில் 'கேப்பைக் கூழ். மோர் ஊற்றி' என்று இருக்கும். நீண்ட ஓட்டத்தின் நடுவே மெல்லுவதற்கு ஏதோ மிட்டாய் சொல்லியிருந்தார்கள். 'மல்லாட்டை உருண்டை, சிறியது இரண்டு' என்று வேர்க்கடலை உருண்டையைப் பென்சில் சொன்னது. வெயிலுக்கு முன் ஓடுங்கள், பத்து மணிக்குள் முடியுங்கள் என்று மையில் இருந்ததைப் பார்த்து நானே சிரித்தேன். பென்சில் சிரிக்கவில்லை. 'ஏழுக்குள் வீடு' என்று மட்டும் இருந்தது.

எந்த நேரத்துக்குக் கிளம்புவது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. விடிவதற்கு முன் என்று புத்தகம் சொல்லிவிட்டது. இருட்டில் தனியாக ஒரு பெண் சாலையில் ஓடுவது அந்த ஊரில் எப்படியோ, இங்கே யோசிக்க வேண்டிய காரியம். எஸ்தர் என்னை ஒரு வாரம் ஓடாமல் வாசலில் நின்று பார்க்கச் சொன்னார். பால் வண்டி எப்போது வருகிறது, எந்த வீட்டில் முதலில் கதவு திறக்கிறது, எந்தத் தெருவில் பெண்கள் சாணம் தெளிக்க எப்போது வெளியே வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போனேன். அடுத்த சனிக்கிழமைத் தாளில் பென்சில் குறிப்பு: 'பால் வண்டி வந்த பிறகு கிளம்பவும். கோலம் போடும் தெருக்கள் வழியாகப் போகவும். பார்க்க ஆள் இருக்கும்.'

அப்படியே ஓடினேன். மார்கழி பிறந்ததும் ஒரு சிக்கல். தெருவை அடைத்துக் கோலம். மிதிக்காமல் ஓட வேண்டும். இடது ஓரம், வலது ஓரம், இரண்டு கோலத்துக்கு நடுவில் ஒற்றைக் கால் வைக்கும் இடம் என்று ஆடு மாதிரி தாவிக்கொண்டு போவேன். ஒரு வீட்டம்மா தினமும் நிமிர்ந்து பார்ப்பார். "பூசணிப் பூ வச்சிருக்கேன், பாத்து ஓடும்மா" என்பார். ஒரு நாள் நான் வரவில்லை என்றால் மறுநாள், "நேத்து இன்னா ஆச்சு?" என்று கேட்பார். இதை எஸ்தரிடம் புகாராகச் சொன்னேன். "கணுக்காலுக்கு நல்லது. அந்தப் புக்குல இதுக்குத் தனியாப் பயிற்சியே இருக்குது. உங்களுக்கு ஓசில கெடைக்குது" என்றார்.

ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். தாளில் வாரத்துக்கு இரண்டு நாள் 'ஓய்வு' என்று மையில் இருக்கும். நானும் தவறாமல் ஓய்வு எடுத்தேன். அதாவது, அன்றைக்கு ஓட்டம் இல்லை என்பதால் கம்பளிகளைத் துவைத்தேன், பரண்மேல் ஏறி ஒட்டடை அடித்தேன், இட்லிக்கு ஒரு வாரத்து மாவு அரைத்தேன், மாமியாரின் கட்டிலை நகர்த்தித் துடைத்தேன். ஓய்வு நாளுக்கு மறுநாள்தான் கால் அதிகம் வலித்தது. புத்தகத்தில் ஏதோ தப்பு என்று எஸ்தரிடம் சொன்னேன். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"ஓய்வுன்னா இன்னான்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியும்னு ஒத்த வார்த்தையில வுட்டுட்டா. நமக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் தெரியாது. நான் வெளக்கமா எழுதணும்" என்றார்.

அடுத்த வாரத் தாளில் ஓய்வு நாளுக்கு எதிரே பென்சிலில் எட்டு வரிகள் இருந்தன. 'உட்காரவும். மாவு அரைக்கக் கூடாது. கம்பளி கூடாது. யாராவது தண்ணீர் கேட்டால் சொம்பு இருக்கும் இடத்தைச் சொல்லவும். மறுபடி உட்காரவும்.' அதை என் வீட்டுக்காரர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அந்த வாரம் மாவு அரைத்தது அவர்தான். இன்று வரை அவர்தான் அரைக்கிறார்.

மொத்தம் இருபத்திரண்டு வாரத் திட்டம். மாரத்தான் சென்னையில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மார்கழிக் கதையை நான் முந்திச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்பே, பதிமூன்றாம் வாரத்தில், என் மாமியார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டில் துக்கம். வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருக்கும் வீட்டிலிருந்து மருமகள் ஷூ மாட்டிக்கொண்டு சாலையில் ஓடினால் நன்றாகவா இருக்கும்? ஓடவும் மனம் இல்லை. பதினாறு நாள் போயிற்று. காரியம் முடிந்து தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் தாளில் இருந்த மொத்தத் தூரப் பட்டியலில் பதினைந்தாம் வாரத்துக்கு இருபத்தாறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. செயலியின் சிவப்பு வட்டம் கண்ணில் வந்தது. சரி, அரைக்கிணறு என்று நானே சொல்லிக்கொண்டேன்.

தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு மதியம் நூலகத்துக்குப் போய் எஸ்தரிடம் நீட்டினேன். "வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்றேன். அவர் பையை வாங்கவில்லை.

"அந்தப் பக்கத்த நான் இன்னும் உங்களுக்குக் குடுக்கலியே."

"எந்தப் பக்கம்?"

"தவறுன நாளுக்குன்னு ஒரு பக்கம் இருக்குதுன்னு சொன்னேன்ல. தேவப்படும்போது குடுக்கலாம்னு இருந்தேன். இன்னும் எழுதி முடிக்கல. கோர்ட்டு முடிஞ்சு அஞ்சு மணிக்கு வாங்கக்கா."

ஐந்து மணிக்குப் போனேன். முழுப் பக்கம், நீல மையில், ஓரத்தில் ஒரு பென்சில் எழுத்துகூட இல்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் இது:

'நாள் தவறியவர்களுக்கு. ஒரு நாள் தவறினால் அதைத் தேடிப் போகாதே, போனது போனதுதான். மறுநாள் அந்த நாளுக்கு உரியதை மட்டும் ஓடு. ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலேயே தொடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தவறினால், முதல் நாள் ஓடாதே. ஷூவைத் துடைத்து வாசலில் வை, போதும். இரண்டாம் நாள் தெரு முனை வரை நடந்துவிட்டுத் திரும்பு. மூன்றாம் நாள் நான்கு விளக்குக் கம்பம் ஓடு. உன்னோடு ஓடத் தொடங்கியவர்கள் முன்னால் போயிருப்பார்கள். போகட்டும். ஏன் தவறியது என்று யார் கேட்டாலும் பதில் சொல்லக் கடமை இல்லை. நீ மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவள் அல்ல. நிறுத்திய இடம் தெரிந்தவள். தவறிய நாள்களும் இந்தத் திட்டத்தைச் சேர்ந்தவையே.'

நான் அந்த இடத்திலேயே இரண்டு முறை படித்தேன். ஓடி முடித்த ஒரு பெண், இதையெல்லாம் பட்டு அறிந்த ஒரு பெண், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து எனக்குச் சொல்வதாக இருந்தது. எஸ்தரே வாயால் சொல்லியிருந்தால் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். புத்தகம் சொன்னதால் கேட்டேன். அன்று மாலை ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தேன்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்; சென்னையில் ஓடி முடித்து வாங்கிய பதக்கம் நூலகத்தில் எஸ்தரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இன்னும் இருக்கிறது. கடைசியாக வந்தவர்களில் நானும் ஒருத்தி. கடற்கரைச் சாலையில் தண்ணீர்ப் பந்தல்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முடித்ததும் தரையில் உட்கார்ந்து எஸ்தருக்குக் கைப்பேசியில் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"வாந்தி எடுத்தீங்களா? எடுப்பீங்கன்னு புக்குல போட்டிருக்குது."

"இல்ல."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஜல்தியா ஓடியிருக்கலாம்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும்போது பேருந்து திண்டிவனத்தைத் தாண்டியது. சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். புளியமரங்கள், கரும்பு வயல், சுங்கச் சாவடி, மறுபடி வயல். முடியவே இல்லை. இவ்வளவு தூரத்தையும், இதற்கு மேலும், இந்தக் காலால் ஓடினேனா என்று பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "கெணத்த முழுசாத் தாண்டிட்ட" என்றார் அவர். அதன் பிறகு அந்தப் பெயரை அவர் சொல்வதில்லை.

இது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. இந்த ஆடியில், அடுத்த பொங்கல் ஓட்டத்துக்காக அதே தாள்களை எடுத்து மறுபடி தொடங்கியிருந்தேன். அப்போதுதான் தேவகியின் அழைப்பு வந்தது.

போன சனிக்கிழமை நூலகத்தில் எஸ்தருக்காகக் கூடினோம் அல்லவா, அன்று நான் பேசும்போது அந்தப் பக்கத்தைப் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். தமிழில் படித்த பிறகு ஆங்கிலத்திலும் இரண்டு வரி படித்தால் எஸ்தரின் மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமே என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். தேவகி அலமாரியைத் திறந்து அந்த மெலிந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அகராதியை வைத்துக்கொண்டு தேடினேன். பொருளடக்கத்தில் இல்லை. பதினைந்தாம் வாரத்தில் இல்லை. பின்னிணைப்பில் இல்லை. தவறிய நாளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: கூடுமானவரை தவறவிடாதீர்கள்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது. ஒரு பக்கம் என் வீட்டில் தண்ணீர் வரும் நேரம், ரயில் நேரம், நான் ஓட முடியாத நாள்களின் பட்டியல். மறு பக்கம் நான்கு புத்தகங்களின் பெயர், ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு கோடு. கீழே பென்சிலில் எஸ்தரின் கையெழுத்து: 'நாலுலயும் இல்லை. எழுதணும்.'

அன்று நான் பேச எழுந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன் என்று பலர் வருத்தப்பட்டீர்கள். காரணம் இதுதான்.

கூட்டம் முடிந்து எஸ்தரின் தங்கை ரூத்திடம் அந்தத் துண்டுத் தாளைக் காட்டினேன். மையால் எழுதிய பக்கத்தையும் காட்டினேன். ரூத் நிறுத்தி நிறுத்திப் படித்தார். தெரு முனை வரை நடப்பதைப் படித்தபோது தலையை ஆட்டினார்.

"இது அவளோடதுதான். அப்பா கரும்பு வெட்டப் போயி முதுகு ஒடஞ்சு கெடந்தாரு. அக்கா அப்போ காலேஜ்ல முதல் வருஷம். வுட்டுட்டு, எங்கம்மாவோட கழனி வேலைக்குப் போனா. மூணு வருஷம். அப்புறம் மறுபடி போயி அதே முதல் வருஷத்துல சின்னப் பொண்ணுங்களோட உக்காந்தா. கூடப் படிச்சவங்கல்லாம் முடிச்சிட்டுப் போய்ட்டாங்க. மொத நாளு காலேஜுக்குள்ள போவல. கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துட்டா. மறுநாளு உள்ள போயி மரத்தடில உக்காந்துட்டு வந்தா. மூணாவது நாளுதான் கிளாசுக்குப் போனா. யாரும் அவளுக்குச் சொல்லித் தரல."

இதை எஸ்தர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. தன் கதையாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவரைப் புகழ்ந்திருப்பேன், ஓடியிருக்க மாட்டேன். இருபத்திரண்டு வாரத்தில் நூறு குறிப்புகளைப் பென்சிலில் எழுதியவர், தம் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரே ஒரு பக்கத்தை மையில் எழுதினார். கோர்ட்டு ஆள் மையைத்தான் நம்புவாள் என்று அவருக்குத் தெரியும். நான் தட்டச்சு செய்த ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களில் எத்தனையோ பொய் உண்டு. இப்படி ஒரு பொய்யை நான் பார்த்ததில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

புத்தகம் நூலகத்துக்குச் சொந்தம். அது அலமாரிக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்தை ஒரு படி எடுத்து, ரூத்தின் அனுமதியோடு, புத்தகத்தின் பதினைந்தாம் வாரத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது மாரத்தானுக்கு நல்ல வழிகாட்டி கேட்டு வந்தால், தேவகி அதைத்தான் எடுத்துக் கொடுப்பாள். மூலம் என்னிடம் இருக்கிறது. எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு தாளைத்தான்.

வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினால் பத்தொன்பது நாள் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு மேல். நேற்றுக் காலை ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தேன். இன்று தெரு முனை வரை நடந்துவிட்டு வந்தேன். பூசணிப் பூ வைக்கிற அந்த வீட்டம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "இன்னா, ரொம்ப நாளா ஆளக் காணோம்?" என்று கேட்டார். பதில் சொல்லக் கடமை இல்லை என்று மையில் எழுதியிருக்கிறது. இருந்தாலும் நின்று சொன்னேன்.

"எனக்கு வேண்டியவங்க ஒருத்தங்க இறந்துட்டாங்கம்மா. நாளைக்கு நாலு கம்பம் ஓடணும்."